ஹாஷிம் நானாவின் தேனீயும் நான் பூவில் தடவிய கள்ளும்

கொட்டாஞ்சேனை,
1937 நவம்பர் 16

அன்புள்ள மகன் றேமண்டுக்கு,

மாதாவின் தயவில் இங்கே எல்லாரும் சுகம், லண்டன் குளிரில் நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். சுகமில்லாதது என் மானம் மட்டும்தான். நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு ஹாஷிம் நானா தேடி வர, உன் அப்பா நான் கோழிக்கூட்டுக்குள் குந்தி ஒளிந்திருந்தேன். காரணம் நீ.

பூந்தேனுக்குள் ஈஸ்ட் என்று கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் குடியிருக்கும், அதன் வாசத்துக்குத் தேனீ கூடுதலாக வரும் என்று எழுதினாய் அல்லவா? நம்முடைய கொடித்தோடைப் பழக்கொடி காய்க்காத கவலையில், அம்மா அப்ப மாவு புளிக்க வைத்திருந்த கள்ளின் அடிமண்டியை எடுத்து, மத்தியானம் விரிந்த பூக்களில் கோழியிறகால் தடவினேன். பூவையும் குடிக்கப் பழக்கின முதல் ஆம்பிளை நீங்கள்தான் என்றாள் அம்மா. ஆனால் தேனீ வந்தது மகன், கொச்சிக்கடைக் கோயில் திருநாள் சனம் மாதிரி வந்தது! தடவாத பூக்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மண்டி கூடிப் புளிப்பு மணந்த பூக்களை மட்டும் கிட்ட வந்து மோந்துவிட்டு விலகிப் போனது, இதையும் உன் புரொபசரிடம் சொல்லு. பிறகுதான் நினைவு வந்தது. அவ்வளவும் மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாஷிம் நானா பெட்டியில் வளர்க்கிற தேனீ. அவர் மகள் ஹப்ஸா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் அவர்கள் முதலில் நாக்கில் தொட்டு வைப்பது தேன். கள்ளுக்கடை இருக்கிற தெருவிலேயே நடக்காத மனிசன், அவர் பேரப்பிள்ளையின் முதல் ருசி என்னுடைய கள்ளா? சொன்னால் இத்தனை வருசச் சிநேகிதம் அறும், சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த நேரம் பார்த்து அவர் வந்து, என்ட தேனீக்கெல்லாம் உங்கட பூவில அப்பிடி என்ன மயக்கம் கிளறன்ஸ் என்று வாசலில் நின்று சத்தம் வைத்தால் கோழிக்கூடு தவிர வேறு போக்கிடம் ஏது? நான் குளிக்கிறேன் என்று அம்மா பொய் சொன்னாள், அந்த நேரம் பார்த்துக் கோழி கத்தியது.

இன்று காலை மருத்துவிச்சியின் றிக்‌ஷா அவர்கள் வாசலில் நிற்கக் கண்டு பெனியனோடு ஓடினேன். ஹாஷிம் நானா கையில் தேன் போத்தலோடு அங்குமிங்கும் நடந்து கொண்டிருந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். சற்று முன் பிள்ளை அழுத சத்தம் கேட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. ஞாயிறு பூசை தவறாதே, காலுக்குக் கம்பளி மேசு போடாமல் வெளிக்கிடாதே.

உன் அன்பு அப்பா,
கிளறன்ஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுந்தி ஹாஷிம் நானா வந்தார். பேத்தி, தாயும் பிள்ளையும் சுகம். என்ட மனிசி ஹமீமாவுக்குச் சொல்லிப் போடாதீங்க என்று என் காதுக்குள் கெஞ்சினார். தொட்டு வைத்த தேன் போன கிழமை புறக்கோட்டைக் கடையில் வாங்கி, தன் பெட்டித் தேன் என்று மனிசிக்குக் காட்டினதாம். அந்தப் பெட்டியிலிருந்து இன்றுவரை ஒரு துளி தேன் எடுத்ததில்லையாம்.