வடக்கே ஓடும் ஆறும் வளைக்கச் சொன்ன அம்பும்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்களும் நலம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, என் வாய் வழக்கம்போல் திடகாத்திரமாக இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ எனக்கு மூன்று அறிவுரை சொல்லி முடித்துவிடுகிறாய், காகிதம் அப்படி இல்லை, வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, உன் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு உள்ளே போய், சொட்டிக்கொண்டிருந்ததை ஒழுகவிட்டு வெளியே வந்தான், இன்ஜினியர் படிப்பு என்றால் சும்மாவா. அது போகட்டும், பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியை நடத்திவந்த பெரியவர் படுத்த படுக்கையான பிறகு அவருடைய மருமகன் நிர்வாகியாக வந்திருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, மின்விசிறி ஓடாத அறையிலும் கழுத்தில் டையை அவிழ்க்காத அந்த மகானை நாங்கள் டைக்காரர் என்றே சொல்கிறோம். அவர் வந்ததும் செய்த முதல் சீர்திருத்தம், இனிமேல் கேள்வித்தாளை ஆசிரியர்கள் தயாரிக்கக் கூடாது, ஒரு கம்பெனியிடமிருந்து விடைக்குறிப்போடு சேர்த்து வாங்குவோம் என்பது. ஆசிரியர் தயாரித்தால் தரம் இருக்காதாம். தரத்தின் அழகைக் கேள். சுமேரியர்கள் எதற்குப் புகழ்பெற்றவர்கள் என்று ஒரு கேள்வி, அதற்கு விடை அ) எழுத்து, ஆ) சக்கரம், இ) இரண்டும், ஈ) தெரியவில்லை. ஈ என்று எழுதிய பிள்ளைக்கு நேர்மைக்காகவாவது நான் மதிப்பெண் போட்டிருப்பேன்.

இந்தக் காலாண்டுத் தேர்வில் ஆறாம் வகுப்புக்கு ஆற்றங்கரை நாகரிகங்கள் பாடம். வரைபடத்தில் நைல் நதியைக் கொடுத்து, அது ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டுக என்று ஒரு கேள்வி. நான் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவேன் என்று உனக்கே தெரியும், நீயும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள்தானே. நைல் தெற்கே மலையில் பிறந்து வடக்கே கடலில் சேர்கிறது, அதனால் எகிப்து நாட்டின் மேல் பகுதி தெற்கில் இருக்கிறது, கீழ்ப் பகுதி வடக்கில் இருக்கிறது, நம் மொழியிலும் மேடாக இருந்த பக்கம் மேற்கு, கீழாக இருந்த பக்கம் கிழக்கு, பெயர் வைத்தவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்து வைத்தார்களே தவிர சுவரில் தொங்கும் காகிதத்தைப் பார்த்து வைக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த எகிப்தியர்கள் படையெடுத்துப் போய் யூப்ரடீஸ் நதியைப் பார்த்தபோது, அது தெற்கே ஓடுவதைக் கண்டு மிரண்டு, தலைகீழாக ஓடும் தண்ணீர் என்று கல்லில் வெட்டி வைத்த கதையையும் சொன்னேன். முன்பெஞ்சில் ஒரு பெண், எதையும் கண்ணை உருட்டிக் கேட்பதால் முட்டைக்கண்ணி என்று வகுப்பில் பெயர், அவள் எழுந்து, “அப்ப அவங்க நம்ம ஊர் ஆத்தப் பாத்தா நம்மளத் தலைகீழா நிக்கிறவங்கன்னு சொல்லுவாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். ஒரு வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவது இப்படி ஒரு கேள்விக்காகத்தான்.

விடைக்குறிப்பு என்ன சொன்னது தெரியுமா, அம்பு வடக்கிலிருந்து தெற்காம். வகுப்பே மேல்நோக்கி அம்பு போட்டிருந்தது, ஒரே ஒரு பெண் மட்டும் கீழ்நோக்கிப் போட்டிருந்தாள். அவள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் பெரிய மரச்சாமான் கடை, பள்ளிக்கு பெஞ்சு நாற்காலி எல்லாம் அவர் கொடுத்தது, பிள்ளைகள் அந்தப் பெண்ணை சோபா என்று கூப்பிடுகின்றன. நல்ல பெண், ஆனால் மதியத்துக்கு மேல் நடக்கும் எந்த நாகரிகமும் அவளுக்குத் தெரியாது, தூங்கிவிடுவாள். நான் குறிப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சரியான அம்புக்குச் சரி போட்டேன், அவளுடையதற்குத் தவறு போட்டேன். அடுத்த நாளே டைக்காரர் கூப்பிட்டனுப்பினார்.

அந்த அறையில் வரைபடம் சுவரில்தான் தொங்குகிறது. அவர் எழுந்து போய் விரலை அதன் தலையில் வைத்து, சறுக்குமரத்தில் குழந்தையை விடுவதுபோலக் கீழே இழுத்து, “மேல இருக்கிற தண்ணி கீழதானே வரும் டீச்சர், இதுக்குப் போயி இவ்ளோ பேசணுமா?” என்றார். நான், “வடக்கு மேல இல்லீங்க, காகிதத்துலதான் மேல. படத்தக் கழட்டித் தரையில விரிச்சுப் பாருங்க, மேலயும் இருக்காது கீழயும் இருக்காது” என்றேன். அவர் சிரித்தார், அவருக்குப் புரியாததற்கெல்லாம் அவர் சிரிப்பார். பிறகு, குறிப்பை மாற்ற முடியாது, மதிப்பெண்ணை மாற்றுங்கள், வகுப்பில் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். அறிவியல் ஆசிரியையும் அங்கே இருந்தாள், தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்று ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள், நான் அவளைப் பார்த்தேன், அவள், “எனக்கு ஆத்தப் பத்தியெல்லாம் தெரியாது டீச்சர், அது உங்க சப்ஜெக்ட்” என்றாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, இவளுக்கு இரண்டு காலும் நிர்வாகியின் அறையில். நான் கையெழுத்துப் போடவில்லை. வகுப்பைப் பிடுங்கி அவளிடம் கொடுத்துவிட்டு, என்னை உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில் நூலகம் என்ற பெயரில் பூட்டிக் கிடந்த அலமாரிக்குக் காவல் வைத்தார்கள்.

உன்னிடம் போனில் சொன்னது இந்தக் கட்டத்தில்தான். நீ என்ன சொன்னாய், “ஒரு அம்புதானேம்மா, யாருக்கு என்ன நஷ்டம், ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கு வம்பு, போட்டுட்டு வாயேன்” என்றாய். உன் அப்பாவும் டிவியின் சத்தத்தைக் குறைக்காமலே அதையே சொன்னார், அவருக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் விட்டுத்தள்ளு என்று ஒரே மருந்து. டைக்காரர் சொன்னது எனக்கு உறைக்கவில்லை, அவர் படித்த லட்சணம் அவ்வளவு. நீ சொன்னதுதான் உறைத்தது. சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணத்தையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்து யூப்ரடீஸ் டைக்ரிஸ் எது என்று விளையாடிய பெண் நீ. என் வளர்ப்பு உனக்கு இவ்வளவு சீக்கிரம் வெளுத்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை, ஆனால் முழுதாகப் படி.

நான் அலமாரிக்குக் காவல் இருந்த நாட்களில் அறிவியல் ஆசிரியை என் வகுப்பில் என்ன செய்தாள் என்பது பிள்ளைகள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. எல்லாரும் அவரவர் நோட்டில் போட்டிருந்த அம்பை ரப்பரால் அழித்து, கீழ்நோக்கி வரைய வேண்டும் என்று சொல்லி, பெஞ்சு பெஞ்சாக நடந்து பார்த்திருக்கிறாள். முட்டைக்கண்ணி மட்டும், “டீச்சர், கடல் மேலதானே இருக்கு, ஆறு கடலுக்குப் போகாதா?” என்று கேட்டிருக்கிறாள், “போகும், பரீட்சைக்கு அப்புறம் போகும்” என்று பதில் வந்ததாம், வகுப்பே சிரித்ததாம். நான் சிரிக்கவில்லை. சோபாவுக்கு முதல் ரேங்க் கொடுத்துக் காலைக் கூட்டத்தில் கைதட்டினார்கள், அந்தப் பெண் எதற்கு என்று தெரியாமல் தானும் சேர்ந்து தட்டியது.

இதற்கு முடிவு எங்கிருந்து வந்தது என்று கேள், நியாயத்திலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதே. மரச்சாமான் கடைக்காரர் ஒரு கல்யாண வீட்டில் தன் பெண்ணின் பெருமையைப் பேசியிருக்கிறார், வகுப்பிலேயே இவள் ஒருத்திக்குத்தான் நைல் தெற்கே ஓடுவது தெரியும் என்று. அங்கே அவருடைய சகலை, சரக்குக் கப்பல் கேப்டன், அந்த நதி கடலில் விழும் இடத்தைத் தாண்டிப் பலமுறை போனவர், “அப்ப நான் இத்தன நாளா எந்த ஆத்து வாயில கப்பல் ஓட்டுனேன் சகல?” என்று கேட்டுப் பந்தியே குலுங்கிவிட்டது. மறுநாள் கடைக்காரர் நேராக டைக்காரர் அறைக்குப் போய், “என் மானத்தக் கப்பலேத்திட்டீங்களே” என்று போட்ட சத்தம் என் அலமாரி வரைக்கும் கேட்டது. இத்தனை பிள்ளைகள் அழித்து எழுதியபோது அசையாத விடைக்குறிப்பு, ஒரு பணக்காரரின் முகம் சிவந்ததும் அரைமணியில் மாறிவிட்டது. காலைக் கூட்டத்தில் டைக்காரர் மைக்கைப் பிடித்து, கேள்வித்தாளில் ஒரு சிறு பிழை இருந்ததைத் தாம் கவனித்து உடனடியாகச் சரிசெய்துவிட்டதாக அறிவித்தார், அதற்கும் கைதட்டினார்கள், அறிவியல் ஆசிரியை எல்லாருக்கும் முன்னால் தட்டினாள். பிறகு என்னைத் தனியாக அழைத்து, வகுப்பைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டு, “நீங்க அன்னிக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றார். நான் வருகைப் பதிவேட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சில பேருக்குப் பதில் சொன்னால் நம் பதிலுக்குத்தான் அவமானம்.

இதுவரைக்கும் உற்சாகமாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன், இனிமேல் எழுதுவதற்குக் கை வரவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில் வகுப்புக்குப் போனேன். பலகையில் நதியை வரைந்து, கடலுக்கு நீலம் பூசி, மலைக்குக் காவி பூசி, சாக்பீஸைத் தூக்கிக் காட்டி, யார் வந்து அம்பு போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தரும் கை தூக்கவில்லை. முன்பெல்லாம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து நான் நான் என்று கத்தும் கூட்டம், இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, பலகையைப் பார்க்கவில்லை. கடைசியில் நானே முட்டைக்கண்ணியைக் கூப்பிட்டேன். வந்தாள், சாக்பீஸை வாங்கிக்கொண்டாள், பலகைக்குப் பக்கத்தில் நின்று, மரியாதையாக, கேலி துளிகூட இல்லாமல், “உங்களுக்கு எந்தப் பக்கம் போடணும் டீச்சர்?” என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், பிள்ளைகள் நான் திட்டப்போகிறேன் என்று நினைத்து அமைதியாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எழுதச் சொன்னாலும் எழுதத் தயாராக இருந்தார்கள். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, இத்தனை வருஷத்தில் எனக்கு வாய் அடைத்தது அன்றைக்குத்தான். திங்கட்கிழமை முதல் பீரியட் மறுபடி அந்த வகுப்பு, என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்து யோசித்து எதுவும் பிடிபடவில்லை. உன் அப்பாவிடம் கேட்டால் மருந்து தெரிந்ததுதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன், நீ இந்தப் பிள்ளைகளின் பதினொரு வயதில் இருந்தபோது எதை நம்பினாய், எதனால் நம்பினாய் என்று நினைவிருந்தால் எனக்கு எழுது. புத்தி சொல்லாதே, நினைவிருப்பதை மட்டும் எழுது.

இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று, சண்டை போட்டாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருங்கள், அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்காமல் வலிமாத்திரையிலேயே காலம் தள்ளுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், இந்த வாரமே பல் டாக்டரைப் பார், மறக்காதே.

அன்புடன்,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா