மானகிரிக்குப் பத்திரிகை

12.2.1999, வெள்ளி

முருகா, இன்று மனம் ஒரு பேச்சிலேயே நிற்கிறது.

பெங்களூரில் மாட்டுக் கரு ஆராய்ச்சி செய்யும் அண்ணன் மகள் மீனா வந்திருந்தாள். மாட்டுத் தோல் செல்லின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய பசுவின் கருமுட்டையில் வைத்துக் கன்று உண்டாக்கப் பார்க்கிறார்களாம்.

"தோலா இருந்த பழக்கத்தை அது மறக்கணும் அயித்தை. அப்பத்தான் கன்னுக்கு வேண்டிய ஜீனெல்லாம் நேரத்துக்கு முழிக்கும். இல்லாட்டி கரு பாதியில நின்னுரும்."

"எல்லாத்தையுமா மறக்கணும்?"

"செல்லைத்தானே கேக்குறீக?" என்று சிரித்தாள். "சிலது பழசை முழுசா மறக்காமலே கன்னாப் பொறந்து துள்ளுது. ஏன்னு எங்களுக்கே புரியலை."

சொக்கலிங்கத்தை ஏழு வயதில் நாங்கள் பிள்ளை கூட்டி, சுவீகாரமாக எடுத்து வந்தபோது, பெற்றவளின் பேச்சையே எடுக்கக் கூடாது என்றேன். காய்ச்சலில் அவளைத் தேடி அழுதபோதும் அதட்டினேன். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். மானகிரியில் இருக்கும் அவளுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ராத்திரி தோசை ஊற்றும்போது அவனிடம் சொன்னேன். "நாளைக்கு மானகிரி போவோம்ப்பா. ஒன்னப் பெத்தவளுக்கு நானே வெத்தலை பாக்கோட பத்திரிகை வைக்கணும்."

எப்போதும் இரண்டோடு எழுந்துவிடுகிறவன், "இன்னொண்ணு ஊத்துங்க ஆத்தா" என்று ஐந்து தோசை சாப்பிட்டான்.

காலையில் ராகு காலத்துக்கு முன்னே கிளம்ப வேண்டும். மாவு காலி. எனக்குப் பழைய சோறுதான். அதுவும் ருசியாகத்தான் இருந்தது.