மரகதம் விட்டுப்போன ஞாயிறு வகுப்பு

என் மாமன் மகளே, மரகதமே,

உன்னை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்? உன்னிடம் பாடம் கேட்ட முதலாமாண்டுக் கல்லூரிப் பிள்ளைகள் பங்காருபேட்டையிலிருந்து ரயிலேறி வந்து, தங்கச் சுரங்கக்காரர்களுக்கென்று கட்டிய நம் ஸ்கெலட்டன் லைன் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். உனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு தெலுங்குப் பையன் சுவரில் முகம் புதைத்து அழுதான். நான் செத்தால் இப்படி அழ யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். நீ படுத்துக் கிடக்கிறாய், எனக்கு இந்த நினைப்பு.

ஒரே வருஷத்தில்தான் இருவரும் பெங்களூருக்குப் பொருளாதாரம் படிக்கப் போனோம். மார்க்கு எனக்குத்தான் அதிகம். ஆனால் ஊருக்கு வருகிற ஞாயிறுகளில் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் பாய் விரித்து, இங்கிலீஷில் நடத்தும் பொருளாதாரப் பாடம் பிடிபடாமல் தவித்த புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். தமிழில் தொடங்குவாய், கன்னடத்துக்குத் தாவுவாய், தெலுங்கில் முடிப்பாய். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என்னிடம் ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை. நான் "நல்லா படிக்கிற வசந்தாக்கா". நீயோ "எங்க மரகதக்கா". அந்த 'எங்க' என்னை என்ன பாடுபடுத்தியது, தெரியுமா உனக்கு?

டைபாய்டு உன்னைக் கொண்டுபோன பிறகு லலிதா வீடு தேடி வந்தாள். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்துப் பெண், முதல் பரீட்சையில் தோற்றவள்.

"இன்னொரு தபா ஃபெயிலானா கல்யாணம்தான்னு அப்பா சொல்ட்டாருக்கா. கிளாஸ நீங்க நடத்துங்கக்கா."

நடத்தினேன். உன்னைவிடத் தெளிவாக நடத்துகிறேன் என்றுதான் நம்பினேன். பாயில் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. பிறகு வெட்கத்தை விட்டு உன்னைப்போலவே பேசிப் பார்த்தேன். ஒரு பொருள் சேரச்சேர அதன் பயன் குறையும் என்ற பாடத்துக்கு, ஷிஃப்ட் முடிந்து வருகிற அப்பாவுக்கு முதல் சொம்புத் தண்ணீர் உயிர், இரண்டாவது ருசி, மூன்றாவதைத் தொடக்கூட மாட்டார் என்பாயே, அதையே சொன்னேன்.

"மரகதக்காவும் இதாங்க்கா சொன்னாங்க. ஆனா அவங்க சொல்லசொல்ல எங்களுக்கே தாகம் எடுக்கும்" என்றான் அந்தத் தெலுங்குப் பையன். பாவம், அவன் குத்திக்காட்டிப் பேசவில்லை. அடுத்த வாரம் அவனும் வரவில்லை.

ஒரு ஞாயிறு லலிதா மட்டும் வந்தாள். ஆட்கள் கூடக்கூட விளைச்சல் ஏன் அதே அளவில் கூடுவதில்லை என்ற பாடம். பாதியிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

"இன்னாடி புரியல?"

"இன்னா புரியலன்னே தெரியலக்கா. மரகதக்கா இருந்தா..."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாக்பீஸை அவள் கையில் திணித்தேன். "அவ எப்டிச் சொல்வாளோ அப்டி நீயே சொல்லு. நான் கேக்குறேன்."

ஏளனமாகத்தான் சொன்னேன் மரகதம். அவளோ நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டாள். தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டே வந்தவளை நிறுத்தி, "ஏன் அப்டி?" என்றேன். சோதிக்கக் கேட்கவில்லை. எனக்கே தெரியவில்லை! மனப்பாடம் செய்துதானே அந்தக் கேள்வியில் மார்க்கு வாங்கியிருந்தேன்.

லலிதா யோசித்தாள். "எங்க வூட்டு அடுப்படி இத்தினிக்காண்டுதான் இருக்கும்க்கா. அம்மா ஒருத்தியா சமைச்சா லேட்டாவும். நானும் போனா சட்டுனு ஆவும். சித்தியும் வந்தா கொஞ்சம் இடிக்கும். அத்தையும் வந்தா சண்டதான் வேவும், சோறு வேவாது. அடுப்படி பெருசாவல, ஆளுதானே கூடிச்சு!"

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னைப் புதைத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இது நீ சொன்னதில்லை, புத்தகத்திலும் இல்லை. அன்றுமுதல் நான் பாடம் நடத்துவதில்லை. புதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். நான் பாயில் உட்கார்ந்து 'ஏன்' என்று மட்டும் கேட்கிறேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். லலிதா பாஸாகிவிட்டாள், கல்யாணப் பேச்சும் நின்றது. இப்போது அவளைச் சுற்றித்தான் கூட்டம், "எங்க லலிதாக்கா" என்று. உன்மேல் இருந்த பொறாமையில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு லலிதா பேச்சுவாக்கில் உன் பேரைச் சொன்னாள். இந்த வருஷம் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "யாருக்கா மரகதம்?"

இந்தக் கேள்விக்காக எத்தனை ஏங்கியிருப்பேன்! உன்னைத் தெரியாத ஒரு ஆள். வந்ததோ கோபம். "யாரா?" என்று எழுந்தவள் பிற்பகல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோ பிரியமாக்கா நீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

என்ன சொல்லட்டும், நீயே சொல்.

சத்தியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முன்னால் உன்னைச் சொல்வேன். கூடவே, மார்க்கு எனக்குத்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுவேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செத்தும் என்னை ஜெயித்துக்கொண்டிருக்கும் உனக்கு,
உன் அத்தை மகள்
வசந்தா