மூன்றாவது ஜெபக் குறிப்பு

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. சின்னவள் கீழே தையல் கடையிலிருந்து இரண்டு வாளி தூக்கிவந்தாள். நான் கேட்டிருந்தால் கடைக்காரி தானே மாடிவரை கொண்டுவந்து, வாசலில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். இவளிடம், கை கால் இருக்கிறதல்லவா, நீயே தூக்கு என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

சின்னவள் ஊழியத்துக்கு வந்து ஏழு மாதம். வயது இருபத்துமூன்று. காலையில் என்னிடம் இந்த ஊர் மொழி படிக்கிறாள். மதியத்துக்கு மேல் வீடு சந்திக்கப் போகிறாள். யாரைப் பார்த்தாள், என்ன பேசினாள் என்று மாலையில் நோட்டில் எழுத வேண்டும். இன்று எழுதியிருந்தது: ‘தையல் கடை. பட்டன் தைத்தோம்.’ அவ்வளவுதான். வசனம் ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன்.

“வேலை நிறைய இருந்துச்சுக்கா, பாவம்” என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினாள் கடைக்காரி. சின்னது இருக்கிறதா என்று கேட்டாள். அவளுடைய மகளுக்கு வலி கண்டுவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமாம். நான் வருகிறேன் என்றேன். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாள், மிகவும் பணிவாக.

பதினோரு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். என் பேச்சில் யாரும் ஒரு பிழை காட்ட முடியாது. சின்னவளுக்கோ நேற்று எது, நாளை எது என்றே இன்னும் வாயில் ஒழுங்காக வரவில்லை. என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். அவளைக் கண்டால் நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

எனக்கு ஏன் இப்படி எரிகிறது? யார் விதைத்தால் என்ன, யார் அறுத்தால் என்ன — எத்தனை பேருக்கு நானே பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பெண் குழந்தை. சின்னவள் கையில்தான் முதலில் கொடுத்தார்களாம்.

பிப்ரவரி 19, புதன்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

“அக்கா, மூணு மாசமா எனக்கு ஜெபமே வரல. முழங்கால் போட்டா வெறும் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். கீழ போய் அவங்களோட இருந்தா மட்டும் மனசு லேசாகுது. நான் கெட்டுப்போயிட்டேனாக்கா?”

எல்லோருக்கும் வருவதுதான், சரியாகிவிடும், என்னிடம் சொன்னாயல்லவா, அதோடு விடு என்றேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள். தலையில் எண்ணெய் வாசனை.

எனக்கு இரண்டு வருடம் அப்படி இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மாத ஜெபக் குறிப்பு அனுப்பும் நாள். சொந்த ஊரில் எங்களை அனுப்பிய சபை வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள். நூறு பேராவது இருப்பார்கள்.

ஒன்று, ஞாயிறு கூடுகைக்கு வரும் பதினோரு பேர் விசுவாசத்தில் நிலைக்க. இரண்டு, மாடிக்குத் தண்ணீர் வசதி கிடைக்க. மூன்றாவதை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்: ‘உடன் ஊழியம் செய்யும் இளம் சகோதரி மூன்று மாதங்களாக ஜெபிக்க இயலாதிருக்கிறார். ஊழியத்தைவிட அக்கம்பக்கத்துச் சிநேகத்தில் அவர் உள்ளம் இழுப்புண்கிறது. அவருக்காகக் கண்ணீரோடு மன்றாடவும்.’

ஒரு சொல்லும் பொய்யில்லை. ‘கண்ணீரோடு’ என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று வாசித்திருப்பார்கள். மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 1, சனி

அவளுடைய அம்மா போனில் பேசியது அடுத்த அறைவரை கேட்டது. “சபையே உனக்காக முழங்கால்ல நிக்குதுடி. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆராதனைக்குப் போவேன்?”

இவள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் அணைத்திருப்பேன்.

“நீங்கதான் எழுதுனீங்களாக்கா?”

ஜெபிக்கத்தானே எழுதினேன் என்றேன்.

“நீங்களே ஜெபிச்சிருக்கலாமே. பக்கத்து ரூம்லதானே இருக்கீங்க.”

என்ன திமிர்! — என்று எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை, இருக்கட்டும். திமிர் இல்லை அது. கேள்வி.

மார்ச் 5, புதன்

போதகர் பேசினார். அம்மாக்காரி தினமும் வந்து அழுகிறாளாம், பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்று கமிட்டி கேட்கிறதாம். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா அங்கயே வச்சிடலாம்மா. என்ன சொல்றீங்க?”

சின்னவள் சமையலறையில் இருந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“கர்த்தரோட சித்தம் எதுவோ அப்படியே ஆகட்டும் ஐயா.”

சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஒளிந்துகொள்ள எவ்வளவு வசதியான வாக்கியம். கதவும் இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ரயிலுக்கு அனுப்பிவைத்தேன். தையல் கடையில் எல்லோரும் அழுதார்கள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மனமில்லாமல் நின்றார்கள். என்னிடம் “வர்றேன்க்கா, நோட்டு மேசைமேல இருக்கு” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். நேற்றைய தேதியில்: ‘தையல் கடை. குழந்தைக்காக ஜெபித்தேன். வந்தது.’

ஏப்ரல் 22, செவ்வாய்

போதகர் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். ஈஸ்டர் ஆராதனையில் அவள் சொன்ன சாட்சி. மற்ற சபைகளுக்கும் அனுப்புகிறார்களாம். ‘நான் வழிவிலகிப் போனேன். என் அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றினார். அவர்களுக்கு என் வாழ்நாளெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.’ யாரோ எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. நடுநடுவே சபை அல்லேலூயா சொல்கிறது.

இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தபோது தையல் கடைக்காரி படியேறி வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். சின்னவளின் விலாசம் வேண்டுமாம், குழந்தையின் படம் அனுப்ப. பேசுவது யார் என்று கேட்டாள்.

அவள்தான் என்றேன்.

எங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. ஆனாலும் வாசலில் நின்று கடைசிவரை கேட்டாள். பிறகு தன் மொழியில், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னாள்:

“இல்லீங்க. இது வேற யாரோ.”

விலாசம் வாங்காமலே இறங்கிப் போய்விட்டாள்.