இருட்டான வீடு தேவை

ஏப்ரல் 2

என் அருமை வாயாடிக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமென்று உன் போன கடிதத்தின் கோபத்திலிருந்தே தெரிகிறது. நல்ல சேதி: நாம் சேர்ந்திருக்க வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்! லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் அமைந்தது. நான்காவது மாடி. பால்கனிக்கு நேரெதிரே மைதானத்து விளக்குகள், ராத்திரியெல்லாம் பட்டப்பகல்தான். அந்த நட்சத்திரக் கொத்தைப் படமெடுக்க நீ இனி கொல்லைப்புற இருட்டில் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். உனக்காகவே தேடிப் பிடித்தேன். மாதக் கடைசியில் கிளம்பி வா.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

நட்சத்திரத்தை விளக்குப் போட்டா பார்ப்பார்கள்? அந்த வெளிச்சத்தில் கேமராவை வைத்தால் வெள்ளைச் சுவர்தான் விழும். என் டெலஸ்கோப் சின்னது. அரை நிமிடப் படமாக நிறைய எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இத்தனை நாளும் அந்தக் கொத்து பஞ்சுருண்டையாகவே விழுந்தது. நேற்றுத்தான் ஓரமெல்லாம் தனித்தனி நட்சத்திரமாகப் பிரிந்தது. கூப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் ஆளில்லை.

லீவில் வரும்போதெல்லாம், "பனி விழுது, உள்ளே வா" என்று குரல் கொடுப்பீர்கள். ஒருநாளாவது நீங்கள் வெளியே வந்தீர்களா? அந்த வீட்டுக்கு நான் வரவில்லை.

வாயடைத்துப் போனவள்

மே 1

வாயாடிக்கே,

அந்த வீட்டை விட்டுவிட்டேன். தரகரிடம், இருட்டான வீடாகப் பாருங்கள் என்றேன். "தப்பா நினைக்காதீங்க சார், என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் என் போனை எடுப்பதே இல்லை. நானே அலைந்து ஒன்றைப் பிடித்தேன். ஊருக்கு வெளியே, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பின்னால் சின்ன முற்றம், தெருவிளக்கு கிடையாது.

நேற்று அங்கே தனியாக நின்று பார்த்தேன். உன் கொத்து எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. பேச்சுத்துணைக்கும் ஆளில்லாமல் உள்ளே ஓடிவந்துவிட்டேன். நான் ஊரில் உன்னோடு இல்லாத இத்தனை வருஷமும் நீ இப்படித்தான் நின்றாயா? அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வா என்று சொல்ல வாய் வரவில்லை. நீ வராவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டு நான் வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்

மே 7

ஏங்க,

வேலையை விட வேண்டாம். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூட்டை தூக்க மட்டும் வாருங்கள். டெலஸ்கோப்பைத் தொடக் கூடாது, அது என் மடியில் வரும்.

அதுவரை தினமும் கொஞ்ச நேரம் அந்த முற்றத்தில் நின்று பழகுங்கள். பயந்தால் உள்ளே ஓடலாம். விளக்கை மட்டும் போடாதீர்கள்.