கேன்டீன் ஓனரம்மா

பிப்ரவரி 4

என் பெரிய மனுஷிக்கு,

அம்மா எழுதுவது. நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "வெச்சிடறேம்மா" என்கிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது பார். அதனால்தான் என் மூன்றாம் வகுப்புப் படிப்பைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

கட்டடத்துக்கு வரைபடம் போடும் ஆபீஸில் மகளுக்கு வேலை என்று கேன்டீன் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. சமையல் மாஸ்டர், "அப்போ இனிமே நீ தட்டு கழுவ மாட்டியே?" என்றார். "ஏன், அவ அங்க வரைஞ்சா இங்க தட்டு தானா கழுவிக்குமா?" என்றேன்.

அங்கே என்ன நடக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் அம்மா

பிப்ரவரி 15

அன்புள்ள அம்மா,

சிரிக்கக்கூடாது. முதல் கூட்டத்தில் எல்லோரும் டீ குடித்து முடித்தார்கள். நான் எழுந்து மிச்ச டீயை ஒரே கப்பில் ஊற்றி, எட்டு கப்பையும் அடுக்கி, மேஜையையும் துடைத்துவிட்டேன். நிமிர்ந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். "நல்லா பழகின கையா இருக்கே, வீட்ல என்ன பண்றாங்க?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. அவள் அப்பா, தாத்தா எல்லோருமே இந்தத் தொழில்தான். "எங்கம்மா கேன்டீன் நடத்துறாங்க" என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து உன் போனை எடுக்கவே கூச்சம்.

இப்போது வம்பு முற்றிவிட்டது. ஒரு ஆலைக்குக் கேன்டீன் வரைகிறோம். சாப்பிடும் மேஜைகள் ஒரு கோடியில், தட்டு கழுவும் அறை மறுகோடியில், நடுவில் சாப்பாட்டு வரிசை. "எச்சில் தட்டு வண்டி வரிசைக்குள்ள புகுந்துதான் போகணும், யார் மேலயாவது கொட்டும்" என்றேன். எங்கள் ஆபீஸ் பெரியவர் வரைபடத்தையே மாற்றச் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? "உங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்க, நடத்துறவங்ககிட்ட யோசனை கேட்கணும்" என்கிறார்.

என்னம்மா செய்வேன்?

உன் மகள்

பிப்ரவரி 22

ஓனரம்மாவின் மகளுக்கு,

கேன்டீனை எப்போது என் பெயருக்கு மாற்றினாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபத்திரண்டு வருஷமாக முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டேனே! இன்று அவரைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கப் கதையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். துடைத்தது ஈரத்துணியா, காய்ந்த துணியா? அதை எழுதவில்லையே.

அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே வரைபட மேஜை இருந்திருக்கும். உனக்குக் கேன்டீனில் நான் கவிழ்த்துப்போட்ட அண்டாதான். அதன்மேல் உட்கார்ந்து கணக்குப் போடுவாய். என் வண்டி வரும்போதெல்லாம் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வழிவிடுவாய். அந்த வழிதான் இன்று வரைபடத்தில் உனக்குத் தெரிந்திருக்கிறது. ராப்பகலாகப் படித்தது உன் உழைப்பு. அதில் நான் பங்கு கேட்க மாட்டேன்.

ஆனால் ஓனர் வேஷம் எனக்கு வராது கண்ணு. முதல் கேள்வியிலேயே சிரித்துவிடுவேன். தட்டு கழுவுகிறவளைக் கூப்பிட்டால் வருகிறேன். முடியாதென்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் அம்மா

மார்ச் 1

அம்மா,

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். "எங்கம்மா கேன்டீன் நடத்தல சார். அங்க இருபத்திரெண்டு வருஷமா தட்டு கழுவுறாங்க." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ அவங்கதான் வேணும். நடத்துறவருக்கு வண்டி எங்க முட்டும்னு எப்படித் தெரியும்?" என்றார்.

பதினாறாம் தேதி, காலை பத்து மணி. டிக்கெட் இத்துடன். வந்துவிடு அம்மா.

துடைத்தது காய்ந்த துணி.

உன் மகள்

மார்ச் 6

என் தங்கத்துக்கு,

லீவு கேட்டேன். "எதுக்கு?" என்றார் முதலாளி. "கேன்டீனை எப்படிக் கட்டணும்னு கேக்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க சார்" என்றேன். மனிதர் வாயில் போட்ட கவளத்தை விழுங்க மறந்துவிட்டார். மாஸ்டர் அடுப்பு வைக்கும் இடத்துக்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார், "நான் சொன்னதா சொல்லு" என்று.

கழுவும் தொட்டி இடுப்பு உயரத்துக்கு வேண்டும். முதலில் அதைச் சொல்வேன். என் முதுகே சாட்சி.

ஒரே ஒரு பயம்தான். அங்கே டீ கொடுப்பார்கள். குடித்து முடித்தால் என் கை சும்மா இருக்காது. உன் கையும் அப்படித்தானே? மேஜைக்கடியில் என் கையை நீ பிடித்துக்கொள், உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். கப்பை வேறு யாராவது எடுக்கட்டும்.

உன் அம்மா
(தட்டு கழுவுகிறவள்)