பதினோராவது நிமிடத்து ஓசை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நானும் உன் அப்பாவும் நலம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது நானும் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். நீ அனுப்பிய இசைத்தட்டு உடையாமல் வளையாமல் வந்து சேர்ந்தது. பேத்தியின் பள்ளி வாத்தியக் குழு ரெக்கார்டே போட்டுவிட்டது என்று நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை, தபால்காரருக்கு மட்டும் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஆனால் போன வாரம் அவள் போனில், பாட்டி நான் அடிக்கிறது கேட்டுச்சா என்று கேட்டாளே! இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, பொய் சொல்ல வாய் வரவில்லை, மெஷின் இன்னும் சரியாகலை கண்ணு என்று சமாளித்தேன். அப்புறம் நீ போனை வாங்கி ரகசியமாகச் சொன்னாய், இத்தனை பெரிய பாட்டுக்கு முக்கோணக் கம்பியில் எனக்கு ஒரே ஒரு அடி, அது யார் காதில் விழப்போகிறது, நான் குழுவை விட்டு விலகிவிடுகிறேன் என்கிறாள் என்று. அவள் விலகுவதற்குள் அந்த ஓர் அடியை என் காதால் கேட்டு, கேட்டேன் என்று சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமே வந்துவிட்டது.

மெஷின் கதையைக் கேள். முனைக்கடை ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் பழைய ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் அப்பா வாங்கி வந்தார். வயர் எட்டவில்லை என்று ஒரு ஸ்பீக்கரை அலமாரி மேலும் இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியிலும் வைத்தார், பாட்டு பாதி மாடியிலிருந்தும் பாதி பாதாளத்திலிருந்தும் வந்தது. கூடவே கொடுத்த புத்தகத்தை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் படத்தைப் பார்த்தேன், படம்தான் ஜெயித்தது. இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே உயரத்தில் வைத்து, நாம் உட்காரும் இடம் முக்கோணத்தின் மூன்றாவது மூலையாக வரவேண்டும். அப்படி வைத்தும் எனக்குத் திருப்தி இல்லை. நீ அனுப்பிய போட்டோவில் வயலின் பிள்ளைகள் இடது பக்கம், நம் பேத்தி வலது ஓரம், பாட்டில் வயலின் வலது பக்கம் கேட்கிறது. பிள்ளைகள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். உனக்குக் காது மந்தம் என்றார் அப்பா. பின்னால் போய்ப் பார்த்தால் இடது வயர் வலதில், வலது வயர் இடதில். அன்று முழுக்க அவர் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

ரிப்பேர்க்காரரே குட்டித் தராசோடு வந்து, ஊசி தட்டின் மேல் இரண்டு கிராம்தான் அழுத்தலாம் என்று ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் இருக்கும் உருளையைத் திருகிச் சரிசெய்து கொடுத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்து மேஜையின் ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தோம். பாட்டு பால் மாதிரி வழிந்தது. ஆனால் பதினோராவது நிமிடத்தில், பேத்தி அடிக்கப்போகிற அந்த இடத்தில், டக்கென்று ஊசி எகிறி நாலு வரி தாண்டி விழும். மறுபடி போட்டாலும் அங்கேயே. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், தட்டில் ஒரு கீறல் இல்லை. கீழ்வீட்டுப் பூட்டுக்காரரையும் மேல்வீட்டுத் தச்சரையும் அவர் சம்சாரத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம், அவர்கள் முன்னாலும் எகிறி மானத்தை வாங்கியது. அப்பா பாரத்துக்கு ஊசித் தலையில் காசு வைக்கப் போனார், தட்டையே உழுதுவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், அவ பங்கு மட்டும் கெட்டுப்போய் வந்திருக்கு, அவகிட்ட சொல்லிடாத என்று தட்டை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டார்.

புதன்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஸ்டூல் போட்டு ஏறி (திட்டாதே, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்) தட்டை எடுத்துப் போட்டேன். அடியே, ஊசி எகிறவே இல்லை! அதே தட்டு, அதே ஊசி, அதே மேஜை, வீட்டில் இல்லாதது உன் அப்பா ஒருவர்தான். அப்போதுதான் உறைத்தது. முப்பத்துநாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஸ்டாப்பிங் வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று குரல் கொடுத்தே பழகியவர். பத்தரை நிமிடம் ஆனதும், இதோ வருது, இதோ வருது என்று எழுந்து மேஜைப் பக்கம் இரண்டு எட்டு வைப்பார். நம் வீடு பலகைத் தரை, அவர் எட்டு வைக்கும் அதிர்வு மேஜைக்கால் வழியாக ஊசிக்குப் போய்விடுகிறது.

வந்ததும், நான் தட்டைப் போட்டுக் கேட்டதை மறைத்துவிட்டு, யோசித்துப் பார்த்தேன், உங்க காலுதான் கோளாறு என்று சொன்னேன். ஓடுற பஸ்ஸில ஒரு பயணி காலை மிதிக்காதவன் நான், என் கால் மேலயா பழி போடுற என்று சண்டைக்கு வந்தார். சரி நடந்து காட்டுங்க என்று ரிப்பேர்க்காரர் கூடவே கொடுத்த வேறொரு தட்டைப் போட்டேன். நடந்தார், எகிறியது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், எகிறியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, நானே என் பேத்தியை மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் என்றார். உடனே மேல்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டுச் செங்கல் சுவரில் பலகை அடித்து பிளேயரை அதன் மேல் ஏற்றிவிட்டோம். இனி யார் குதித்தாலும் அதற்குக் கவலை இல்லை.

ஞாயிறு சாயங்காலம் அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டோம். இனி தாராளமாக எழுந்து நில்லுங்கள் என்று நான் சொல்லியும் அப்பா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரர் காலையிலிருந்து வேலை செய்த களைப்பு, நாலாவது நிமிடமே தலை சாய்ந்துவிட்டது, குறட்டை வேறு. பத்தரை ஆனது, அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். பதினொன்று. வயலின் எல்லாம் மூச்சுப் பிடித்த மாதிரி நின்ற இடத்தில், வலது ஓரத்திலிருந்து ஒரே ஒரு டிங், கண்ணாடியில் வெயில் பட்ட மாதிரி. பூட்டுக்காரர் சட்டென்று கண் முழித்து, "யாரு பெல் அடிச்சது?" என்று கேட்டு வாசல் பக்கம் நடந்தே போய்விட்டார். தச்சர் சம்சாரம் சிரித்த சிரிப்பில் தேநீர் மடியில் கொட்டியது. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எம் பேத்தி" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டு. அத்தனை வயலினும் தாலாட்டித் தூங்கவைத்த மனுஷனை உன் ஓர் அடி எழுப்பி வாசல் வரை நடத்திவிட்டது என்று சொல். அதற்கு மேலும் விலகுவேன் என்றால் அவள் இஷ்டம், ஆனால் பூட்டுக்காரரிடம் அவளே போன் போட்டுச் சொல்லட்டும், அடுத்த தட்டு எப்போது வரும் என்று அவர் தினமும் கேட்கிறார். புதன்கிழமை நான் தனியாக முதலில் கேட்டது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரிந்தால் மனசு விட்டுப்போகும், அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொள். மாப்பிள்ளை இருமலுக்கு வைத்தியரைப் பார்த்தாரா என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, பேத்தியின் தோள் அளவு எடுத்து அனுப்பு, மேடையில் போட்டுக்கொள்ளச் சட்டை தைக்கத் துணி வெட்டாமல் வைத்திருக்கிறேன். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பா பக்கத்து அறையில் அந்தத் தட்டை ஏழாவது தடவையாகப் போட்டிருக்கிறார், அதனால் அவர் கையெழுத்து இல்லை.)